மாற்றிய இடுப்பு எப்படி இருக்கிறது?

அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820 இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்கத் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. கத்தி வைத்தபின் ஆள் பிழைத்தாலே சத்திரசிகிச்சை வெற்றிதான். இன்று இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலானோர் ஓரிரு நாளில் எழுந்து நடக்கிறார்கள். வெற்றியை அளக்கும் பழக்கம் மட்டும் அந்த அளவுக்கு வளரவில்லை. எக்ஸ்ரேயில் உலோகத் தண்டும் கிண்ணமும் பொருந்தியிருந்தால் போதும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. இரவில் நோவில்லாமல் நித்திரை வருகிறதா என்பது எந்தப் படத்திலும் விழாது. 1969 இல் வந்த ஹாரிஸ் முறை நோவையும் நடையையும் கணக்கில் எடுத்தது. ஆனால் புள்ளி போட்டவர் வைத்தியர். தன் வேலைக்குத் தானே புள்ளி போடுவதன் சிக்கலை விளக்கத் தேவையில்லை. 1996 இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பேனாவை நோயாளியிடமே கொடுத்தார்கள். 12 கேள்விகள், இன்றைய கணக்கில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, நிறைபுள்ளி 48. இங்கிலாந்தின் அரச வைத்திய சேவை 2009 முதல் சத்திரசிகிச்சைக்கு முன்பும் ஆறு மாதங்களுக்குப் பின்பும் இதைக் கேட்கிறது. அங்கே சராசரி முன்னேற்றம் 20 புள்ளிகளுக்கு மேல். நியூசிலாந்தின் மூட்டுமாற்றுப் பதிவேட்டில், ஆறாம் மாதத்தில் குறைந்த புள்ளி பெற்றவர்களே அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மறுசத்திரசிகிச்சைக்குக் கூடுதலாக வந்தார்கள். நோயாளியின் வாய்மொழியை வெறும் முறைப்பாடு என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அந்த வினாக்கொத்தை அப்படியே தமிழாக்கிக் கொடுத்தால் சரிவராது. மேஸ் போட முடிகிறதா என்று அது கேட்கிறது. பண்டத்தரிப்பில் எழுபது வயது அம்மாவுக்கு மேஸ் போடும் தேவை கலியாண வீட்டுக்குப் போனாலும் வராது. கிணற்றடியில் குனிந்து வாளி தூக்கவும், குந்து மலசலகூடத்தில் இருந்து எழும்பவும், கோயிலில் நிலத்தில் இருக்கவும், யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸின் உயரமான மிதிபலகையில் கால் வைக்கவும் முடிகிறதா என்பதே அவருடைய கேள்வி. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மூட்டு நழுவிவிடும் என்று அஞ்சி, முதல் மாதங்களில் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கவேண்டாம் என்று பல வைத்தியர்கள் சொல்வது வழக்கம். அவர் நிலத்தில் இருக்காதது இயலாமலா, வைத்தியர் சொன்னபடியாலா? இரண்டையும் பிரித்துக் கேட்காத வினாக்கொத்து, சொன்னபடி நடப்பவருக்குப் புள்ளியைக் குறைத்துவிடும்.

வைத்தியர்மேல் உள்ள நன்றியால் எங்கள் முதியவர்கள் எதற்கும் 'நல்ல சுகம்' என்பார்கள், அதை நம்பலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் கத்தி பிடித்தவர் கேட்கக்கூடாது. கண் தெரியாதவருக்குத் தாதி ஒருவர் வாசித்துக் காட்டலாம், மகள் பதில் சொல்லக்கூடாது. திருப்தியைக் கேளாமல் செயலைக் கேட்கவேண்டும்: நோவு தொடங்கும்வரை எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள்? நோவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதும் உண்மைதான்; ஒப்பிடுவது அதே ஆளின் முன்னையும் பின்னையும் என்பதால் அது பெரிய தடையல்ல. நோவே இல்லாமல் மூட்டு தளர்வதை வினாக்கொத்து காட்டாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும். எல்லாவற்றிலும் எளிதாகத் தவறிப்போவது முதல் வினாக்கொத்துத்தான். காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதும்போதே அதை நிரப்பவேண்டும். 10 இலிருந்து 35 க்கு வந்தவரும் 30 இலிருந்து 35 க்கு வந்தவரும் ஒன்றல்ல. இரண்டாமவருக்கு அந்தச் சத்திரசிகிச்சை அப்போதே தேவைப்பட்டதா என்றுகூடக் கேட்கவேண்டி வரலாம்.