கடல்மட்டத்திலிருந்து ஒரு குடும்பம் மலையேறினால்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள மரக்காணத்தில் தரை மேடேறுவதே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்தி, வரப்பு, மறுபடியும் பாத்தி. வாரிக் குவித்துக் கீற்று மூடிய உப்பு அம்பாரம்தான் உப்பளத்தில் ஆகப் பெரிய உயரம். ஆனால் இந்திய மலைகளின் உயரக் கணக்கு தொடங்குவது இந்தக் கடலிலிருந்துதான். ஒன்பது துறைமுகங்களில் பதிவான அலை ஏற்ற இறக்கத்தை வைத்து 1909-இல் நாட்டின் சராசரிக் கடல்மட்டத்தை முடிவு செய்தார்கள். அந்த ஒன்பதில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது மரக்காணம்.

இப்படிக் கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு குடும்பம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, முதுகில் பை மாட்டி, நாலைந்து நாள் நடந்து ஓர் இமயமலை உச்சிக்குப் போக முடியுமா? முடியும். ஆனால் அதற்கு வேண்டியது கால் பலத்தைவிட நாட்கள்.

மலைமேல் ஆக்சிஜனின் பங்கு குறைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கடற்கரையிலும் எவரெஸ்டிலும் காற்றில் அதன் பங்கு ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு இதற்குப் பழகும் வல்லமை உள்ளதுதான். முதலில் மூச்சு வேகமாகும், பிறகு ரத்தச் சிவப்பணுக்கள் கூடும். ஆனால் அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கும் வேலை. காலையில் சென்னையில் இட்லி சாப்பிட்டுவிட்டு விமானம் மாறிப் போய் லேயில் இறங்குகிறவருக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

குடும்பமாக மலையேறுவதற்கு நம் நாட்டில் நல்ல உதாரணம் காம்யா கார்த்திகேயன். கடற்படை அதிகாரி எஸ். கார்த்திகேயனின் மகள், மும்பை கடற்படைப் பள்ளியில் படித்தவர். 2024 மே 20 அன்று தன் 16-ஆவது வயதில் அப்பாவோடு எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். நேபாளப் பக்கமிருந்து ஏறிய இந்தியர்களில் அவர்தான் அப்போது மிக இளையவர். செய்தித்தாள்கள் வயதைத்தான் பெரிதாகப் போட்டன. அதைவிட முக்கியம் அவர் வந்த வரிசை. மூன்று வயதில் லோணாவாலாவைச் சுற்றியுள்ள சிறு குன்றுகளில் பெற்றோரோடு நடை. 2015-இல், ஏழு வயதில், உத்தராகண்டில் சுமார் 12,000 அடி உயரச் சந்திரசிலா. அடுத்த வருடம் ஹர் கி தூன் பள்ளத்தாக்கு. 2017-இல் எவரெஸ்ட் அடிவார முகாம். 2020 பிப்ரவரி 1-இல், 12 வயதில், தென்னமெரிக்காவின் 6,961 மீட்டர் உயர அகோன்காகுவா. எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. 2024 டிசம்பரில் அண்டார்க்டிகாவின் வின்சன் சிகரத்தோடு ஏழு கண்டங்களின் உச்சிகளும் முடிந்தன.

நம் பக்கமிருந்தும் போயிருக்கிறார்கள். மரக்காணத்துக்கு வடக்கே இதே சாலையில் இருக்கும் கோவளத்தின் அலைச்சறுக்குப் பயிற்சியாளர் ராஜசேகர் பச்சை 2023 மே 19-இல் எவரெஸ்ட் ஏறினார். சில நாள் கழித்து ஏறிய முத்தமிழ்ச்செல்வி விருதுநகர் மாவட்டக்காரர், இரண்டு குழந்தைகளின் தாய்.

சாதாரணக் குடும்பத்துக்கு எவரெஸ்ட் வேண்டியதில்லை. உத்தராகண்டின் கேதார்காந்தா (சுமார் 3,800 மீட்டர்) போன்ற நாலைந்து நாள் நடைகளே போதும். அங்கும் விதி ஒன்றுதான்: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு படுக்கும் இடம் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் கொஞ்சம் மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். படுக்க மட்டும் கீழே வந்துவிட வேண்டும்.

தலைவலியோடு குமட்டலும் அசதியும் சேர்ந்தால் அது மலைநோயின் தொடக்கம். பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள். சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சிணுங்கும், சாப்பாட்டைத் தள்ளும், விளையாடாமல் மடியிலேயே கிடக்கும். பிரயாணக் களைப்பு என்று அம்மாவும் அப்பாவும் விட்டுவிடக் கூடாத இடம் இது. மேலே ஏறுவதை அங்கேயே நிறுத்த வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, இரவானாலும் கீழே இறக்கிவிட வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும் நிலை அது; உயிருக்கே ஆபத்து. தள்ளாட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. உப்பள வரப்பில் நடப்பதுபோல ஒரு காலின் விரலோடு மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வார்கள். கோடு தப்பினால் இறங்க வேண்டியதுதான். மாத்திரைகள் இருக்கின்றன, ஆனால் டாக்டரைக் கேட்காமல், அதுவும் பிள்ளைகளுக்கு, கொடுக்கக் கூடாது.

சமையலிலும் உயரம் தலையிடும். மரக்காணத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 3,500 மீட்டரில் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. அதனால்தான் மலை முகாம்களில் குக்கர் விசில் கேட்டுக்கொண்டே இருக்கும். பசியும் மந்தமாகும், உப்புப் போட்ட கஞ்சி, சூப் மாதிரி நீராகாரம்தான் சுலபமாக உள்ளே இறங்கும். பை விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பெரியவர்களுக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் இறங்கும்போது முழங்கால் கணக்குக் கேட்கும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு மலையேற்றம் புதிதும் அல்ல. இலங்கையின் மலையகத் தோட்டங்களிலிருந்து கைக்குழந்தையும் பாட்டியுமாக ஆயிரக்கணக்கானோர் நல்லதண்ணி வழியாக 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாதமலைக்கு இரவோடு இரவாக ஏறுகிறார்கள். கோவைப் பக்கம் மூங்கில் கம்பு ஊன்றி வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் கடக்கிறார்கள். இந்த உயரங்களில் மலைநோய் வருவது அரிது. இங்கே ஆபத்து வேறு: பயிற்சியே இல்லாமல், இதய நோயோ மூச்சுக் கோளாறோ இருந்தும் பரிசோதிக்காமல், ஒரே மூச்சில் ஏறுவது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 காட்டுவழிகள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு அது நல்ல வாசல்.

மரக்காணத்தில் உப்பு வேலை நிற்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில். இமயத்தில் வானம் தெளிந்து நடைக்கு ஏற்ற பருவமும் அதே அக்டோபர்தான். ஆனால் உப்பளத் தொழிலாளிக்கு அவை வருமானமில்லாத மாதங்கள். அரசு கொடுக்கும் 5,000 ரூபாய் நிவாரணத்தில் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். ரயில் டிக்கெட், கம்பளி உடுப்பு, வழிகாட்டிக் கூலி என்று சேரும் இமயச் செலவு அந்த வீடுகளுக்கு எட்டாது என்பதை மறைக்கத் தேவையில்லை.

எட்டும் மலை ஒன்று அதே விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. திண்டிவனத்தில் பஸ் மாறினால் செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த கோட்டை அது. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி, பெரும்பாலும் கல்படிகள். கேதார்காந்தா போக நினைக்கும் குடும்பம் ஆறு மாதத்துக்கு முன்பே இங்கே ஆரம்பிக்கலாம். பையில் நாலைந்து பாட்டில் தண்ணீர் அடுக்கி, வீட்டில் ஆக மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, அவர் வேகத்திலேயே எல்லாரும் ஏற வேண்டும். உச்சியில் குடித்தது போக மீதியைக் கொட்டிவிட்டு லேசான பையோடு இறங்குவது மலையேறிகளின் பழைய பயிற்சி முறை. ஏறும்போது பாரத்துக்கு உடம்பு பழகும், இறங்கும்போது முழங்கால் தப்பும்.