மில்டன் கானிஃபின் காகிதங்கள்

தினசரிப் பத்திரிகையில் நாலு கட்டங்களாக வெளிவரும் சித்திரக்கதைக்கு ஆயுள் ஒரு பகல்தான். காலையில் அதை ஆவலோடு படித்தவர்களே மறுநாள் அதன்மேல் பொட்டலம் கட்டுவார்கள். வாசகர்கள் அப்படி நடந்துகொண்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதை விலை கொடுத்து வாங்கி வெளியிட்ட ஸ்தாபனங்களும்கூட, சித்திரக்காரர் இரவெல்லாம் கண்விழித்துத் தூரிகையும் மசியுமாக வரைந்து அனுப்பிய மூலச் சித்திரத்தை, பிளாக் எடுத்து முடிந்தபின் அதற்கு வேறு உபயோகம் இல்லை என்று கருதி, கிடங்கில் அடைத்தோ, கேட்டவர்களுக்குக் கொடுத்தோ, குப்பையில் எறிந்தோ கழித்துவிட்டன என்பதுதான் மனத்தை வருத்தும் செய்தி. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் லட்சோபலட்சம் ஜனங்கள் நாள் தவறாமல் அநுபவித்த ஒரு கலையின் மூலப் பிரதிகளுள் பெரும்பகுதி இவ்விதமே மறைந்தது. எஞ்சியவை எவ்வாறு எஞ்சின, எஞ்சியவற்றை ஒரு சர்வகலாசாலை எப்படிப் போற்றி வைத்திருக்கிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள் ஓஹையோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸுக்குத்தான் போகவேண்டும்.

மில்டன் கானிஃப் 1907இல் அந்த மாநிலத்திலுள்ள ஹில்ஸ்பரோ என்ற சிற்றூரில் பிறந்து, ஓஹையோ மாநில சர்வகலாசாலையில் பயின்று 1930இல் பட்டம் பெற்றவர். மாணவராக இருந்தபோதே 'கொலம்பஸ் டிஸ்பாட்ச்' பத்திரிகையின் சித்திரப் பகுதியில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே தலைமைச் சித்திரக்காரராக விளங்கிய பில்லி அயர்லாண்ட், தம் முயற்சியாலேயே அந்த வித்தையைக் கற்றுத் தேர்ந்தவர். நாடக மேடையில் மோகம் கொண்டிருந்த இளைஞர் கானிஃபை, மசிக்கூட்டை விட்டுப் போகவேண்டாம் என்று தடுத்து நிறுத்தியவரும் அவரே. அந்த உபதேசத்தின் பலனாக 1934இல் பிறந்தது 'டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்' என்னும் தொடர். மாண்ட்ரேக்கையும் வேதாளரையும் தமிழில் படித்துக் களித்த நம்மவர்களுக்கு, அந்தக் கதைகளும் இதே காலத்தில் இதே அமெரிக்கப் பத்திரிகைகளில் தினத் தொடர்களாகத் தோன்றியவைதாம் என்று சொன்னால் கானிஃபின் உலகம் எது என்பது விளங்கும்.

கதை சீனாவில் நடக்க வேண்டும் என்பது பத்திரிகை அதிபர் ஜோசப் பாட்டர்சனின் விருப்பம். கானிஃபோ சீனாவைக் கண்ணால் கண்டவரல்லர். ஆகவே நூல்நிலையத்தில் உட்கார்ந்து படகுகளையும் உடைகளையும் தெருக்களையும் படித்தறிந்து வரையத் தொடங்கினார். தொடங்கிய அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. நோயல் சிக்கிள்ஸ் என்னும் தோழரோடு ஒரே சித்திரசாலையில் வேலை செய்தபோது, மெல்லிய கோடுகளை விட்டுவிட்டு, அடர்ந்த கறுப்பு மசியைத் தூரிகையால் அள்ளித் தீற்றி, ஒளியையும் நிழலையும் கொண்டே உருவங்களை எழுப்பும் முறையை அவர் கைக்கொண்டார். சினிமாவில் காமிரா நகர்வதைப் போலப் பார்வைக் கோணம் கட்டத்துக்குக் கட்டம் மாறுவதும் அவர் சித்திரங்களின் விசேஷம். 1941இல் ரேவன் ஷெர்மன் என்ற கதாபாத்திரம் மலைப்பாதை ஓரத்தில் உயிர்விட்டபோது நாடெங்கும் வாசகர்கள் உறவினரை இழந்தவர்களைப் போல் துயருற்றார்கள். 1943 அக்டோபரில், விமானி ஒருவனுக்கு அவனுடைய கடமையை எடுத்துச் சொல்லும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் ஒன்று அமெரிக்கக் காங்கிரஸின் நடவடிக்கைக் குறிப்பிலேயே இடம்பெற்றது. இத்தனை புகழுக்கும் நடுவே, அந்தத் தொடர் கானிஃபின் சொத்து அன்று; அதை விநியோகித்த ஸ்தாபனத்தின் சொத்து. அது பொறாமல்தான் 1946இல் அவர் அதைத் துறந்து, முழு உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டு, 1947 ஜனவரியில் 'ஸ்டீவ் கேன்யன்' என்னும் புதிய தொடரைத் தொடங்கி, 1988இல் கண்மூடும்வரை வரைந்துவந்தார்.

கானிஃப் எதையும் எறியாதவர். இந்த ஒரு குணத்துக்காகவே அவரைக் கைகூப்பி வணங்கலாம் என்று தோன்றுகிறது. 1977இல் தாம் படித்த சர்வகலாசாலைக்கு அவர் தம் காகிதங்களைக் கொடுக்க முன்வந்தபோது, அதில் சித்திரங்கள் மாத்திரம் அல்ல, கடிதங்கள், ஒப்பந்தங்கள், கணக்குகள், புகைப்படங்கள், விருதுகள், ஒலிப்பதிவுகள், கதாபாத்திரங்களின் பெயரால் விற்பனையான பொம்மைகள் முதலியன எல்லாம் சேர்ந்திருந்தன. இன்று அந்தத் தொகுதியின் மூலச் சித்திரங்களே 12,000க்கு மேற்பட்டவை. முழுத் தொகுதியும் 500 கன அடிக்கு மேல் இடம் கொள்கிறது. இதழியல் கட்டடத்தில் இரண்டு வகுப்பறைகளை ஒழித்துக் கொடுத்து, லூசி ஷெல்டன் காஸ்வெல் என்ற அம்மையாரை அதற்குப் பொறுப்பாளராகச் சர்வகலாசாலை நியமித்தது. சித்திரக்கதையைக் கல்விமான்கள் குழந்தைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. மதிப்பு வந்தபின் பாதுகாக்க ஆயிரம் பேர் முன்வருவார்கள். மதிப்பு வருமுன்னே முன்வந்ததுதான் காஸ்வெல் அம்மையார் செய்த காரியத்தின் பெருமை.

சித்திரங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்திருந்தால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கக்கூடும். கானிஃபின் ஆராய்ச்சிக் கோப்புகள்தாம் அதற்கு விடை. விமானத்தின் இறக்கையிலோ ராணுவ உடுப்பின் சின்னத்திலோ அவர் இம்மியளவு பிசகினாலும் விமானப் படையிலுள்ள வாசகர்கள் கண்டுபிடித்து எழுதிவிடுவார்கள். அப்படிப் பிசகாமல் இருப்பதற்காகவே அவர் செய்திகளையும் படங்களையும் வகைப்படுத்திச் சேர்த்தார். அச்சில் வந்த கட்டத்தைப் பார்க்கும் நமக்கு ஒரு விமானம் தெரிகிறது. கோப்பையும் சித்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சியாளருக்கோ, எந்தப் புகைப்படத்திலிருந்து எதை எடுத்தார், எதை விட்டார், விட்டதற்குக் காரணம் கதையின் அவசரமா அல்லது கட்டத்தின் அமைப்பா என்பதெல்லாம் புலப்படுகின்றன. ஒரு மனிதரின் காகிதங்கள் எந்த வரிசையில் அவரிடம் இருந்தனவோ அந்த வரிசையைக் கலைக்கலாகாது, ஒருவருடைய காகிதங்களை மற்றொருவருடையவற்றோடு கலக்கவும் கூடாது என்று ஆவணக் காப்பாளர்கள் விதித்துக்கொண்டிருக்கும் நியமம் இதனால் எழுந்ததே. வரிசையைக் கலைத்தால் கடிதம் எஞ்சும். எந்தக் கேள்விக்கு எழுதிய பதில் அது என்பது அழிந்துபோம்.

இனி ஒரு தினத்தொடரின் மூலச் சித்திரத்தையே அருகில் வைத்துப் பார்ப்போம். அச்சில் கண்டதைவிடப் பெரிய பிரிஸ்டல் அட்டை. அதன்மேல் பென்சில் கோடுகள் முற்றும் அழிபடாமல் மங்கித் தெரிகின்றன. கட்டங்களுக்குள் கறுப்பு மசி பளபளக்கிறது. சில இடங்களில் வெளிர்நீலப் பென்சில் பூச்சு. காமிராவின் கண்ணுக்கு அந்த நீலம் புலப்படாது ஆதலால், இங்கே புள்ளி நிழல் இடுக என்று பிளாக் செய்கிறவருக்குச் சித்திரக்காரர்கள் இடும் ரகசியக் குறிப்பு அது. தவறிய கோட்டின்மேல் வெள்ளைச் சாயம் பூசி, அதன்மேல் திருத்தி வரைந்திருக்கும். தொடரின் பெயரையும் உரிமைக் குறிப்பையும் தனித்தாளில் அச்சிட்டு ஒட்டியிருப்பார்கள். அச்சில் இவற்றுள் ஒன்றும் தெரியாது. கை தயங்கிய இடமும் மனம் மாறிய இடமும் அந்த அட்டையிலேதான் இருக்கின்றன.

மறுநாள் பத்திரிகைக்காக அவசரத்தில் செய்த வேலையாகையால், பத்தாண்டு நிலைக்குமா, நூறாண்டு நிலைக்குமா என்ற சிந்தனை அந்தப் பொருள்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இருந்ததில்லை. ஒட்டுவதற்குப் பயன்பட்ட ரப்பர் பசை காலப்போக்கில் பழுப்பேறி, அட்டைக்குள் ஊறி, கறையாகப் பதிந்துவிடுகிறது. பசை உலர்ந்ததும் ஒட்டிய துண்டுகள் தாமே கழன்று விழுகின்றன. புள்ளி நிழலுக்காகப் பல சித்திரக்காரர்கள் வெட்டி ஒட்டிய மெல்லிய ஒட்டுத் தாள்கள் சுருங்கி விலகி, நிழல் ஓரிடத்திலும் உருவம் ஓரிடத்திலுமாக நிற்கும். வெள்ளைச் சாயம் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். ஞாயிற்றுப் பக்கத்துக்கு வண்ணம் காட்டுவதற்காகப் பூசிய சாய மைகள் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். இவையெல்லாம் ஒரே அட்டையில் கூடியிருக்கும்போது, ஒன்றுக்கு நன்மை செய்வது மற்றொன்றுக்குத் தீமையாக முடிவதும் உண்டு: பாலியெஸ்டர் உறை தூசியிலிருந்தும் விரல்களிலிருந்தும் தாளைக் காக்கும், ஆனால் அதில் உண்டாகும் நிலை மின்சாரம், உதிரும் தறுவாயிலுள்ள வெள்ளைச் சாயத்தையும் பென்சில் பொடியையும் இழுத்து எடுத்துவிடும். ஆகவே அட்டை அட்டையாகப் பார்த்து, எதற்கு அமிலமற்ற காகித உறை, எதற்குப் பெட்டி, எதற்குத் தட்டையான இழுப்பறை என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அறையின் குளிர்ச்சியும் ஈரப்பதமும் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருப்பது அவசியம். கண்காட்சிக்கு எடுத்தால் மங்கிய விளக்கில் சில மாதங்களே வைத்திருந்து, மறுபடி இருட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். சித்திரத்தைச் சுத்தப்படுத்தும்போது நீலப் பென்சிலையும் திருத்தங்களையும் அழித்து அழகாக்கிவிடலாகாது என்பதிலும் காப்பாளர்கள் உறுதியாக இருக்கிறார்கள். அது முற்றிலும் சரி.

மூலச் சித்திரம் இருந்தால் போதுமா? ஜனங்கள் படித்தது அச்சுப் பிரதியை அல்லவா? அமெரிக்க நூல்நிலையங்கள் பலவும் பழைய பத்திரிகைகளைக் கறுப்பு வெள்ளை நுண்படச் சுருள்களில் பதித்துக்கொண்டு, பைண்டு செய்திருந்த அசல் தொகுதிகளைக் கழித்துவந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களின் வண்ணமெல்லாம் அத்தோடு போயிற்று. சித்திரக்கதையின் சரித்திரத்தை எழுத விரும்பிய பில் பிளாக்பியர்ட் இதைக் கண்டு பதறி, தனிமனிதருக்குக் கொடுக்க மாட்டோம் என்று நூல்நிலையங்கள் மறுத்தபோது, 1968இல் தம் வீட்டையே சான் பிரான்சிஸ்கோ சித்திரக்கதைக் கழகம் என்ற பெயரில் ஒரு தர்ம ஸ்தாபனமாகப் பதிவுசெய்து, கழிக்கப்பட்ட தொகுதிகளையெல்லாம் வருந்தி வருந்திச் சேகரித்தார். தரையிலிருந்து கூரைவரை பத்திரிகைகள் நிறைந்த அந்த வீட்டின் சேகரிப்பு 1990களின் பிற்பகுதியில் கொலம்பஸுக்கு வந்து சேர்ந்தபோது அதன் எடை 75 டன். ஏற்றிவர ஆறு பெரிய லாரிகள் வேண்டியிருந்தன. கத்தரித்தும் வகைப்படுத்தியும் உள்ள தொடர்களே அதில் சுமார் 25 லட்சம். கானிஃப் தொடரின் மூல அட்டையையும், அது வண்ணத்தோடு வாசகர் கைக்குப் போய்ச்சேர்ந்த பத்திரிகைத் தாளையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இவ்விதம் ஏற்பட்டது.

பிறகு வளர்ச்சி துரிதமாயிற்று. சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர் தம் காகிதங்களைத் தந்தார். 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' வரைந்த பில் வாட்டர்சன் தம் மூலச் சித்திரங்களை இங்கே ஒப்படைத்தார். அயர்லாண்டின் குடும்பத்து அறக்கட்டளை அளித்த பெருங்கொடையால், கானிஃபின் காகிதங்களோடு தொடங்கிய இந்த நூல்நிலையம் அவர் பெயரைத் தாங்கி, 2013இல் சல்லிவன்ட் ஹால் என்னும் கட்டடத்தில் அருங்காட்சியகத்தோடு திறக்கப்பெற்றது. மூலச் சித்திரங்கள் மட்டுமே இப்போது அங்கே மூன்று லட்சம். மிச்சிகன் மாநில சர்வகலாசாலை அச்சிட்ட சித்திரக்கதைப் புத்தகங்களைத் திரட்டியிருக்கிறது. நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலை, 'எக்ஸ்-மென்' கதைகளை எழுதிய கிறிஸ் கிளேர்மான்டின் காகிதங்களை 2011இல் பெற்றுக்கொண்டது.

ஆயினும் கொடுக்கக் கையில் இருந்தால்தானே கொடுக்க முடியும்? 'ஸ்பைடர்-மேன்' முதன்முதல் தோன்றிய இதழுக்காக ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 பக்கங்கள், பெயர் சொல்ல விரும்பாத ஒருவரின் கொடையாக 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையத்துக்கு வந்தன. அவை சிதறாமல் தப்பியது பெரும் பாக்கியம். சித்திரக்காரர் ஜாக் கிர்பிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. சித்திரக்கதைப் புத்தகங்களை வெளியிடும் மார்வெல் நிறுவனம் 1980களில் பழைய மூலச் சித்திரங்களைச் சித்திரக்காரர்களிடம் திருப்பித்தரத் தொடங்கியபோது, மற்றவர்களிடம் கேட்காத நிபந்தனைகளை அவரிடம் மட்டும் விதித்தது. சக கலைஞர்களும் ரசிகர்களும் எழுப்பிய கண்டனத்துக்குப் பின் 1987இல் சுமார் இரண்டாயிரம் பக்கங்கள் திரும்பிவந்தன. அவர் அங்கே வரைந்தவற்றில் அது ஒரு சிறு பகுதியே.

கையில் இருக்கிறவர்களுக்கும் சட்டம் துணைசெய்யவில்லை. ஒருவர் விலைக்கு வாங்கிய சித்திரத்தைச் சர்வகலாசாலைக்கு நன்கொடையாகக் கொடுத்தால் அதன் சந்தை மதிப்புக்கேற்ப வருமான வரியில் கழிவு பெறலாம். வரைந்தவரே கொடுத்தால், 1969ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, அட்டைக்கும் மசிக்கும் ஆன செலவுக்கு மட்டுமே கழிவு உண்டு. கானிஃப் 1977இல் தம் உழைப்பை வாரிக் கொடுத்தது இந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்திலேதான். அவரைப்போல் எல்லாரும் இருந்துவிட முடியாது. முதுமையில் மருத்துவச் செலவுக்கோ பிள்ளைகளின் தேவைக்கோ பணம் வேண்டியிருக்கும் சித்திரக்காரர் பக்கம் பக்கமாக ஏலத்தில் விற்கிறார், அவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரே கதையின் அடுத்தடுத்த பக்கங்கள் வெவ்வேறு நகரங்களின் சுவர்களுக்குப் போய்விடுகின்றன, கடிதங்களும் கோப்புகளும் விலைபோகாத காரணத்தால் அழிந்துவிடுகின்றன. இந்த அநீதியைத் திருத்தும் மசோதாக்களை செனட்டர் பாட்ரிக் லீஹி பலமுறை கொண்டுவந்தார். ஒன்றும் சட்டமாகவில்லை. காப்பகங்களுக்குக் கட்டடமும் குளிர்சாதனமும் தேடித் தருகிற தனவந்தர்கள், அவற்றை நிரப்பவேண்டிய கலைஞர்களின் இந்தக் குறைக்காகவும் குரல்கொடுக்க முன்வரவேண்டும்.