ஒரு ரிஷபத்துக்காக ஒரு வால்வு! யூஃபோனியம் அடிமட்டத்துக்கு இறங்கிய கதை

கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட் வந்தால், எல்லோர் கண்ணும் கிளாரினெட், டிரம்பெட் வாசிப்பவர்கள் மேல்தான் இருக்கும். அவர்களுக்குப் பக்கத்திலேயே ஒருவர், பெரிய பித்தளை வாத்தியத்தைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்தபடி வாசித்துக்கொண்டு வருவார். அந்த வாத்தியம்தான் யூஃபோனியம். 'இனிய குரல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1843-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் சோமர் என்பவரால் உருவானதாகச் சொல்லப்படும் வாத்தியம் இது.

குரல் இனிமைதான். ஆனால், மூன்று வால்வு யூஃபோனியத்துக்கு ஒரு குறை உண்டு. கீழ் ஸ்தாயிக்கு இறங்கினால், வழியில் ஐந்து ஸ்வரங்கள் இருக்கவே இருக்காது. 'இன்னொரு வால்வைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமே' என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

காணாமல் போன ஐந்து ஸ்வரங்கள்

யூஃபோனியத்தின் சுருண்ட குழாயை நீட்டிப் பார்த்தால் சுமார் 9 அடி, அதாவது 275 செ.மீ. இருக்கும். எந்த வால்வையும் தொடாமல், உதட்டின் இறுக்கத்தை மாற்றினாலே சில ஸ்வரங்கள் வந்துவிடும். அவற்றில் ஆக அடியில் இருப்பதைக் கீழ் 'ஸ' என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அடுத்து வருவது, ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் நடு 'ஸ'. இரண்டுக்கும் நடுவே காலி!

அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் வால்வுகள். ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்டோல்ட்செல், ப்ளூமெல் இருவரும் 1818-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். வால்வை அழுத்தினால் காற்று கூடுதலாக ஒரு குழாயைச் சுற்றி வரும். குழாய் நீண்டால் ஸ்ருதி இறங்கும். முதல் வால்வு இரண்டு படி இறக்கும். இரண்டாவது ஒரு படி. மூன்றாவது மூன்று படி. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆறு படி.

நடு 'ஸ'விலிருந்து ஆறு படி இறங்கினால் பிரதி மத்யமம் வரும். அதோடு சரி. சுத்த மத்யமம், இரண்டு காந்தாரங்கள், இரண்டு ரிஷபங்கள் என ஐந்தும் கிடைக்காது. கைதேர்ந்தவர்கள் உதட்டால் வளைத்து இவற்றில் சிலவற்றை வரவழைப்பார்கள். ஆனால், எல்லோராலும் அது முடியாது.

தனி வட்டி, கூட்டு வட்டி

நான்காவது வால்வு ஒன்றைச் சேர்த்தால் அது மட்டுமே ஐந்து படி இறக்கும். மற்ற மூன்றும் ஆறு படி. மொத்தம் 11 படி. ஐந்து ஸ்வரங்களும் வந்துவிட வேண்டுமே? வராது.

காரணம், இது கூட்டு வட்டிக் கணக்கு. ஒரு படி இறங்க வேண்டுமானால், அந்த நேரத்தில் குழாய் எவ்வளவு நீளமோ அதில் ஏறக்குறைய 6 சதவிகிதம் கூட்ட வேண்டும். 275 செ.மீ. குழாய்க்கு 16 செ.மீ. போதும். நான்காவது வால்வை அழுத்தியதும் குழாய் 367 செ.மீ. ஆகிவிடுகிறது, இப்போது அதே ஒரு படிக்கு 22 செ.மீ. தேவை. இரண்டாவது வால்வில் இருப்பதோ அதே 16 செ.மீ.தான். அசல் கூடினாலும் வட்டி கூடவில்லை!

நான்கையும் அழுத்தினால் கிடைப்பது 194 செ.மீ. பதினோராவது படியான சுத்த ரிஷபத்துக்குத் தேவை 244 செ.மீ. அரை மீட்டர் துண்டு விழுகிறது. அதனால் சாதாரண நான்கு வால்வு யூஃபோனியத்தில் அந்த ஒரு ரிஷபம் வரவே வராது. அதற்கு மேலே இருக்கும் சதுஸ்ருதி ரிஷபமும் ஸ்ருதி தூக்கலாகவே ஒலிக்கும்.

காற்றைத் திருப்பி அனுப்பிய பிளேக்லி

லண்டனில் பூசி நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ஜேம்ஸ் பிளேக்லி, 1874-ல் இதற்கு ஒரு வழி கண்டார். நீளமான வால்வை அழுத்தும்போது, காற்று மற்ற வால்வுகளுக்குள் இரண்டாவது முறையும் போய்வர வேண்டும். அந்த இரண்டாவது சுற்றில் குட்டிக் குழாய்கள் சேர்ந்து, குறைந்த நீளத்தை ஈடுகட்டும். இன்று இந்த முறையில் வரும் நான்கு வால்வு யூஃபோனியங்களில், நான்காவது வால்வு இந்த வேலையைச் செய்கிறது. அந்த ரிஷபமும் வந்துவிடுகிறது.

இதற்கும் விலை உண்டு. குழாய்கள் கூடுவதால் எடை கூடும். காற்று இரண்டு சுற்று போவதால் கீழ் ஸ்வரங்களில் கொஞ்சம் அடைப்பு தெரியும். பணமும் சாதாரண வாத்தியத்தைவிடக் கூடுதலாக ஆகும்.

பிரான்ஸ்காரர்கள் வேறு பாதையில் போனார்கள். யூஃபோனியத்தைவிட இரண்டு படி மேலே ஸ்ருதி கொண்ட சின்ன டியூபாவில் ஆறு வால்வுகளை வைத்து, ஆர்கெஸ்ட்ராவின் அடிக்குரல் முழுவதையும் அதிலேயே வாசித்தார்கள்.

ஐந்தாவது வால்வு

கையில் இருப்பது சாதாரண நான்கு வால்வு யூஃபோனியம் என்றால், ஐந்தாவதாக ஒரு சுழல் வால்வைப் பொருத்த முடியும். அதை இடது கை கட்டைவிரலால் இயக்கலாம். நான்காவது வால்வோடு சேரும்போது சரியாக இரண்டு படி இறக்கும்படி, சுமார் 45 செ.மீ. குழாய் அதற்கு வேண்டும். இப்போது ஐந்தையும் அழுத்தினால் 239 செ.மீ. கிடைக்கும். சுத்த ரிஷபத்துக்கு 5 செ.மீ.தான் குறைவு. அதை உதடு பார்த்துக்கொள்ளும்.

எங்கே பொருத்துவது? இரண்டு வழிகள். பிரதான குழாயிலேயே பொருத்தினால் எல்லா ஸ்வரங்களுக்கும் உதவும். ஆனால் வால்வு பிடிக்கும் இடத்தின் அளவுக்குக் குழாயை வெட்டி எடுக்க வேண்டும். இல்லையென்றால் வாத்தியத்தின் ஆதார ஸ்ருதியே இறங்கிவிடும். இரண்டாவது வழி, நான்காவது வால்வின் குழாய்க்குள்ளேயே பொருத்துவது. நான்காவதை அழுத்தும்போது மட்டுமே அது வேலை செய்யும். கூடுதல் நீளம் தேவைப்படுவதும் அப்போதுதான். பிரதான குழாயில் கத்தி படாது. வேலை பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் சுலபம்.

வெட்டும் முன்...

* முதலில் நான்காவது வால்வின் ஸ்லைடை வெளியே இழுத்து வாசித்துப் பாருங்கள். செலவே இல்லாமல் சில கீழ் ஸ்வரங்கள் ஸ்ருதிக்கு வந்துவிடும். ஆனால் அந்த வால்வைத் தனியாக அழுத்தும்போது ஸ்ருதி இறங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

* புதிய வால்வின் உள்விட்டம், அது சேரும் குழாயின் உள்விட்டத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் காற்று தடைபடும்.

* பழைய வால்வுகளில் கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கசியும் வாத்தியத்தில் எத்தனை வால்வு சேர்த்தாலும் அடிக்குரல் வராது.

* பற்றவைக்கும் சூட்டில் மேல்பூச்சு கருகிப் போகலாம். பித்தளை வாத்தியங்களில் பழகிய கைகளிடம் மட்டுமே கொடுங்கள்.

அடுத்த முறை பேண்டு செட் தெருவில் வரும்போது, அந்த யூஃபோனியத்தின் வால்வுகளை எண்ணிப் பாருங்கள். மூன்றா, நான்கா என்று தெரிந்தாலே போதும். அது எந்தப் படி வரை இறங்கும் என்று பக்கத்தில் நிற்பவருக்கு நீங்களே சொல்லிவிடலாம்.