பழைய ஜீப்புக்கு நாடி பார்த்தல்

விடுமுறை வந்துவிட்டால் நம் மன்றத்து நண்பர்களுக்கு மலை நினைவும் வந்துவிடும். சென்ற மார்கழியில் நம்மவர் ஐவர், தெரிந்தவரொருவரிடம் இரவல் வாங்கிய பழைய ஜீப்பில் கர்வால் மலைப்பக்கம் சென்றனர். வழியில் வண்டி ‘டக், டக்’ என்று ஓசையிடத் தொடங்கியது. பட்டறையொன்றில் காட்டினார்கள். கியர்ப்பெட்டி போய்விட்டது என்று சொல்லி, அதை இறக்கிப் பிரித்தும் போட்டுவிட்டார்கள். இரவல் வண்டியைப் பழுதோடு திருப்பித் தருவது எப்படி? மூன்று நாளும் ஐவருடைய மாதச் செலவுப் பணமும் கரைந்த பிறகு, தேய்ந்திருந்தது பின்பக்கத்துக் ‘கிராஸ்’ ஒன்றுதான் என்று தெரிந்தது. கியர்ப்பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

பிரிப்பதற்கு முன்பே நோயின் இடத்தைப் பெரும்பாலும் கண்டுவிடலாம் என்பதே நான் சொல்ல வந்தது. நான் புவி இயற்பியல் மாணவன். களப்பணிக்குக் கருவிகளோடு நாங்கள் ஏறிச் செல்லும் வண்டியும் இத்தகைய கிழட்டுக் குதிரையே. அதன் ஓட்டுநர் பக்கத்தில் இரண்டாண்டுகள் உட்கார்ந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்வது வில்லிஸ் சி.ஜே.3பி வகை ஜீப்பைப் பற்றி. அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை செய்யப்பட்ட இவ்வகையை, நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் அதன் பின்னும் பல்லாண்டுகள் செய்து வந்தது. எஞ்சினின் சக்தி கிளட்ச், கியர்ப்பெட்டி வழியாக டிரான்ஸ்பர் கேஸுக்கு வருகிறது. அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு ஷாப்ட் பின் அச்சுக்கும் மற்றொன்று முன் அச்சுக்கும் செல்கின்றன. ஒவ்வொரு அச்சின் நடுவிலும் பினியன் என்னும் சிறு பல்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. 1985இல் வெளிவந்த மாருதி ஜிப்ஸியிலும் அமைப்பு ஏறத்தாழ இதுவே.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஓசை எஞ்சினைப் பின்பற்றுகிறதா, சக்கரத்தைப் பின்பற்றுகிறதா? வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். கிளட்சை மிதித்தவுடன் ஓசை எழுந்தால் கிளட்ச் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தவுடன் அடங்கினால் கியர்ப்பெட்டியின் முன் பேரிங்கை. நின்ற வண்டியில் ஓசையே இல்லையென்றால், சமதரையில் மெல்ல ஓட்டி நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை அடங்கவிடுங்கள். (இறக்கத்தில் இச்சோதனை கூடவே கூடாது.) எஞ்சின் அடங்கியும் ஓசை அடங்காமல் வண்டியின் வேகத்தோடு குறைந்துகொண்டே வந்தால், குறை பெரும்பாலும் கியர்ப்பெட்டிக்கு அப்பால் இருக்கிறது. நம் நண்பர்களின் பட்டறையில் இதைச் செய்து பார்க்க ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது.

அடுத்தது எண்ணுதல். நம் போன்றோருக்கு இன்பம் தரும் பகுதி இதுதான். இந்த ஜீப்பில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43 பல். ஆகவே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஷாப்ட் 5.38 சுற்றுச் சுற்றும். 6.00-16 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், சக்கரம் நொடிக்கு ஒரு முறையும் ஷாப்ட் நொடிக்கு ஐந்து முறைக்குச் சற்றே மேலும் சுற்றுகின்றன. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். நொடிக்கு ஒரு தட்டு என்றால் சக்கரம், அதன் பேரிங், பிரேக் டிரம், கிரவுனில் உடைந்த பல் ஆகியவற்றில் ஒன்று. ஐந்து தட்டு என்றால் பினியன் அல்லது ஷாப்ட். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இதே ஐந்து, 27 ஆகிவிடும். அப்போது அது தட்டாகக் கேட்காது, உறுமலாகத்தான் கேட்கும். ஆகவே எண்ணுவதற்கு மெதுவாகவே ஓட்ட வேண்டும்.

ஷாப்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டைத்தான் கிராஸ் என்கிறோம். (மதுரைப் பட்டறையிலும் இங்குள்ள இந்திக்காரர் பட்டறையிலும் மாறாமல் வழங்கும் சொல் இது.) புத்தகங்களில் இது ஹூக்கின் மூட்டு. வளைந்து நிற்கும் இத்தகைய மூட்டு ஒன்றின் வழியே சுழற்சி சென்றால், மறுபக்கம் சீராகச் சுற்றாது; ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். கோணம் 10 பாகையானால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு. மறுமுனையிலுள்ள மூட்டு இதைச் சரிக்கட்டிவிடுகிறது. ஆனால் ஷாப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் சரிக்கட்டும். ஷாப்டின் நடுவே நீளுவதற்காக உள்ள பல்வரி இணைப்பைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால், புதுக் கிராஸ் போட்ட பிறகும் வண்டி நடுங்கும். கழற்றும் முன் இரு பாதியிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கிராஸ் தேய்ந்ததை அறிவது எளிது. புறப்படும்போதும், முடுக்கியை விட்டு மீண்டும் மிதிக்கும்போதும் ஒற்றை ‘டக்’ கேட்கும். சக்கரங்களுக்கு அடை கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, மூட்டின் இருபுறமும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். நல்ல மூட்டில் கைக்குத் தெரியும் ஆட்டம் இருக்காது. மிதிக்கும்போது மட்டும் அல்லது விடும்போது மட்டும் நீண்ட ஊளை எழுந்தால், கிரவுனும் பினியனும் பொருந்தும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

நோயே இல்லாமல் நோய்போலத் தோன்றுவதும் ஒன்று உண்டு. நான்கு சக்கர ஓட்டத்தில் முன் ஷாப்டும் பின் ஷாப்டும் இறுகப் பிணைந்துவிடுகின்றன. இடையில் டிபரன்ஷியல் இல்லை. இந்த ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம், அதாவது 2.03 மீட்டர். பின் அச்சின் நடு 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் அச்சின் நடு 6.33 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது. கால் வட்டத்திற்குள் முன்னது அரை மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி ஈடுசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்காது. ஷாப்டுகள் முறுக்கேறி, ஸ்டீரிங் கனத்து, வண்டி துள்ளும். கடைசியில் நெம்புகோல் வெளிவர மறுக்கும். டிரான்ஸ்பர் கேஸைப் பிரிக்கும் அவசரம் இங்கேதான் பிறக்கிறது. நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால், முறுக்கு அவிழ்ந்து நெம்புகோல் தானே வந்துவிடும். முன்னே புது டயரும் பின்னே மொட்டை டயரும் போட்டிருந்தால் நேர்ச்சாலையிலும் இது நேரும்.

எண்ணெயையும் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. மேலேயுள்ள மூச்சுத் துளை அழுக்கால் அடைபட்டிருந்தால், சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதே அடைப்பினால், சூடேறும்போது எண்ணெய் வெளியே கசியும். சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. துளையைக் குத்திவிட வேண்டும்.

இனி உயிரைப் பற்றியது. இந்த ஜீப்பின் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், ஷாப்டின் தொடக்கத்தைப் பிடிக்கிறது. ஆகவே பின் கிராஸ் உடைந்தால் கைப்பிரேக்கும் போயிற்று. ‘டக்’ என்ற ஓசையோடு மலையேறுவதில் உள்ள ஆபத்து இதுதான். மற்றொன்று: கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், ஷாப்ட் நிலையாக நின்றாலும் டிபரன்ஷியல் தடுக்காது. தூக்கிய சக்கரம் ஒருபுறம் சுழல, தரையிலுள்ள சக்கரம் மறுபுறம் உருண்டு, வண்டி ஜாக்கியிலிருந்து நழுவிவிடும். சரிவில் நிறுத்தும்போது கியரோடு நான்கு சக்கர இணைப்பையும் போட்டுவிட்டால் முன் அச்சும் சேர்ந்து பிடிக்கும். முன் சக்கர ஹப்களில் பூட்டு இருக்கும் வண்டியானால் இரண்டையும் பூட்டியிருக்க வேண்டும். அதன் பிறகும், தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தே ஜாக்கியைத் தொடுங்கள். எங்கள் ஓட்டுநர் மலையில் கல்லைத் தேடுவதில்லை. இருக்கைக்கு அடியில் இரண்டு தேக்குக் கட்டைகள் வைத்திருக்கிறார், அவற்றை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.