சாப்பாட்டுக்கு முன்கணக்கு

கரும்பு பயிரிடும் குடியானவர் கரணை நட்டதும் ஆலையில் பதிவு செய்துகொள்கிறார். எந்த வயல் எந்த மாதத்தில் வெட்டுக்கு வரும் என்பது அப்பொழுதே கணக்கில் ஏறிவிடுகிறது. மோகனூரிலுள்ள சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு விடுவோர்க்கு இம்முறை பழகிய விஷயமே. ஆயினும் ஆலைக்கு இவ்வளவு முன்யோசனை செய்யும் அதே குடும்பத்தில், மறுநாள் அடுப்பில் என்ன ஏறும் என்பது விளக்கு வைத்த பின்னும் தெரியாமலிருப்பதுண்டு. கடைசி நேரத்தில் கடைக்குச் சிறுவனை அனுப்பி, அகப்பட்டதைக் கொண்டு பொங்கி உண்பதனால் காசும் நஷ்டம், தேகத்துக்கும் நஷ்டம்.

காவிரியின் வடகரையில் அமைந்த இவ்வூருக்கு விளைபொருளில் குறைவில்லை. வாய்க்கால் பாயும் நிலத்தில் நெல், வாழை, கரும்பு, வெற்றிலை. மேட்டு நிலத்தில் சோளம், நிலக்கடலை, துவரை. ஆனால் களத்திலேயே யாவற்றையும் விற்றுவிட்டு, இரண்டு மாதத்திற்குப் பின் அதே பருப்பைச் சில்லறையாக அதிக விலைக்கு, சில வேளை கடனுக்கு, வாங்குவோர் பலர். குறை விளைச்சலில் இல்லை. வீட்டுக்கென்று ஒதுக்காமையில் இருக்கிறது.

இவ்விஷயத்தை நமது மாகாணத்திலேயே ஆராய்ந்தவர்கள் உண்டு. 1918-ஆம் வருஷத்தில் நீலகிரி குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் வைத்தியர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் அவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. பெரும்பாலும் அரிசியாலான சென்னை மாகாண உணவை உண்டவை கடைசியில் நின்றன. அங்கு அவருக்குப் பின் தலைமை வகித்த அய்க்ராய்டு அவர்கள் 1937-இல், இந்திய உணவுப் பொருள்களின் சத்தும் தக்க உணவைத் திட்டமிடும் முறையும் பற்றி ஒரு வெளியீடு கொண்டுவந்தார். அந்த ஆராய்ச்சி நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது.

அந்நிலையம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 2,000 கலோரி வேண்டிய ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம். பருப்பு, முட்டை, மாமிச வகை 85 கிராம். காய்கறியும் கீரையும் 400 கிராம். பழம் 100 கிராம். பால் 300 மில்லி லிட்டர். கடலை, எள் போன்ற வித்துக்கள் 35 கிராம் தேவை. காட்டில் உழைப்போர்க்கு இதற்கு மேலும் வேண்டும். இவ்வளவுகளை வீட்டில் கைக்கொள்ள மூன்று கணக்குகள் போதும்.

1. வருஷக் கணக்கு. இது களத்தில் போட வேண்டியது. நால்வர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு 85 கிராம் வீதம் வருஷத்துக்கு 124 கிலோ ஆகிறது. அதில் பாதியேனும், அதாவது 62 கிலோ துவரை, பாசிப்பயறு, கொள்ளு, மொச்சையாக இருக்கட்டும். நிலக்கடலை ஆளுக்கு 20 கிராம் என்றால் பருப்பாக 29 கிலோ. தோலோடு ஏறக்குறைய ஒரு மூட்டை. துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்தால் பூச்சி அண்டாது. கடலையை நன்கு உலர்த்தி வைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை உண்ணலாகாது, அது ஈரலைக் கெடுக்கும். வரகு, சாமை, கேழ்வரகு இவற்றில் ஒன்றையும் சேர்த்து வைத்தல் நலம். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 350 மில்லி கிராம். தீட்டிய அரிசியில் 10 மில்லி கிராம் அளவே.

2. வாரக் கணக்கு. இது சந்தைக்குப் போகும் முன் போடுவது. ஏழு நாளைக்கும் என்ன சமையல் என்று குடும்பத்தார் கூடித் தீர்மானித்து, வீட்டில் இருப்பதைக் கழித்து, எஞ்சியதை மட்டும் வாங்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் கீரை, இரண்டு நாள் பயறு, இரண்டு நாள் முட்டை, இரண்டு வேளை கேழ்வரகுக் களி அல்லது கம்பங்கூழ் என்று வைத்துக்கொள்ளலாம். கீரைக்குச் செலவு வேண்டியதில்லை. கொல்லையில் முருங்கை நிற்கிறது. கொடிக்காலில் வெற்றிலை படர நட்ட அகத்தி நிற்கிறது. மாட்டுக்கு ஒடிக்கும்பொழுது வீட்டுக்கும் ஒரு பிடி ஒடித்தால் போதும்.

3. இரவுக் கணக்கு. பயறோ கொள்ளோ படுக்கும் முன் ஊறவைக்கப்பட வேண்டும். ஊறவைக்க மறந்த வீட்டில் மறுநாள் வெறும் ரசமும் ஊறுகாயுமே மிஞ்சும். வாரக் கணக்கு உடைவது பெரும்பாலும் இந்த இடத்திலேயே.

நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு இது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கே இது அதிகம் பொருந்தும். கூட்டுறவுச் சங்கங்கள் பலவும் நடத்தும் நியாய விலைக் கடையில் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அரிசியில் மிஞ்சும் பணம் பலகாரக் கடைக்குப் போகிறதா, பருப்புக்கும் முட்டைக்கும் போகிறதா என்பதை வாரக் கணக்கே முடிவு செய்யும்.

இன்னொரு விஷயம் மிக முக்கியமானது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவிகிதத்தினர் இரத்தசோகை உடையவர். பல வீடுகளில் தாய் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதை உண்கிறாள். மிஞ்சுவது சோறு, தீர்ந்து போவது பருப்பும் கீரையும். ஆகையால் சமைக்கும்பொழுதே அவள் பங்கையும் எண்ணி அளந்து, பரிமாறும் முன் எடுத்து வைக்க வேண்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் பருகினால் அது தடைப்படும்.

வரவு செலவு எழுதாத சங்கம் நிலைக்காது என்பதை அங்கத்தினர்கள் அறிவர். அடுக்களையும் அத்தகையதே. வருகிற அறுவடையில் மூட்டைகளைத் தைத்து வண்டி ஏற்றும் முன், வீட்டுக்குரிய மூட்டைகளை முதலில் எண்ணி உள்ளே வைப்பார்களாக. விற்பனை அதன் பின் நடக்கட்டும்.