எந்தப் பிரிவை எடுப்பது?

முன்பெல்லாம் எம்.பி.பி.எஸ். என்ற பட்டம் ஒரு மருத்துவருக்கு ஆயுள் முழுவதற்கும் போதுமான கௌரவத்தைத் தந்தது, இன்றோ, நாலரை ஆண்டுப் படிப்பையும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடித்து வெளியே வருகிற இளம் மருத்துவரிடம், உற்றார் உறவினர் மட்டுமின்றி, காய்ச்சலென்று வந்து உட்காரும் நோயாளியுங்கூட, "நீங்கள் எதில் ஸ்பெஷலிஸ்ட்?" என்றுதான் முதலில் விசாரிக்கிறார். அடுத்து வரும் முப்பது நாற்பது ஆண்டுகளின் பகலும் இரவும் எவ்விதம் கழியும் என்பதை நிர்ணயிக்கிற அந்தக் கேள்விக்கு, இருபத்துநான்கு வயதுக்குள் விடை சொல்லியாக வேண்டியிருக்கிறது.

விடை சொல்லும் முறையையும் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. நீட் பி.ஜி. தேர்வில் 200 வினாக்கள், மொத்தம் 800 மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு கிடைக்கும், தவறான விடைக்கு ஒன்று போய்விடும். அதில் பெறும் ரேங்கின் வரிசைப்படியே, கவுன்சலிங்கில், மூன்றாண்டு எம்.டி., எம்.எஸ். இடங்கள் பங்கிடப்படுகின்றன. முன்வரிசை ரேங்குகள் பெரும்பாலும் ரேடியாலஜிக்கும், பொது மருத்துவத்துக்கும், தோல் மருத்துவத்துக்கும் போய்விடுகின்றன. உடற்கூறு இயல், உயிர்வேதியியல் போன்ற பிரிவுகளிலோ இடங்கள் ஆண்டுதோறும் காலியாகவே கிடக்கின்றன. இடங்களை நிரப்புவதற்காக 2023இல் தகுதி வரம்பைப் பூஜ்ய பர்சென்டைல் வரைக்கும் மத்திய அரசு இறக்க வேண்டியதாயிற்று.

இதற்காக இளைஞர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. நள்ளிரவில் கருவிலுள்ள சிசுவின் இதயத்துடிப்பு தளரும்போது, சில நிமிஷங்களுக்குள் கத்தியை எடுக்கத் துணிய வேண்டிய மகப்பேறு மருத்துவரின் வாழ்க்கையையும், ஸ்கேன் படங்களை ஊன்றிப் படித்து, ஓரளவு நியமமான நேரத்தில் வீடு திரும்பக்கூடிய ரேடியாலஜி நிபுணரின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்கள் அவர்கள். இரவு பகலாகத் தொடரும் டியூட்டியையும், உயிர் பிரிந்த துக்கத்தில் உறவினர் மருத்துவரையே தாக்க வருகிற கொடுமையையும் அறிந்தவர்கள். ஆனால், ஒருவருடைய சுபாவம் எந்தத் தொழிலைத் தாங்கும் என்று கண்டறிவதற்காகவே இருக்கிற ஒரே அவகாசம் பறிபோகிறதே என்பதுதான் என் வருத்தம்.

அந்த அவகாசம் ஹவுஸ் சர்ஜன் ஆண்டுதான். பொது மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தைகள், கண், எலும்பு, மனநலம் என்று வார்டு வார்டாக மாறி மாறிப் பணிபுரிந்து, கிராமத்துச் சுகாதாரப் பணியிலும் மூன்று மாத காலம் கழிக்கும்படி விதி இருக்கிறது. அறுவை அரங்கில், நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, ஒவ்வொரு மூச்சையும் மணிக்கணக்கில் கவனித்திருக்கும் மயக்க மருத்துவரின் பொறுமை தனக்கு உண்டா, பேசத் தெரியாத குழந்தையின் அழுகையிலிருந்து நோயை ஊகிக்கும் கலையில் தனக்கு ருசி உண்டா என்பதையெல்லாம் எந்த வினாத்தாளும் சொல்லாது. அங்கே நின்று பார்த்தவருக்கே தெரியும். இன்றைய பயிற்சி மருத்துவரோ, ரத்தம் எடுப்பதையும் கட்டுப் போடுவதையும் அவசரமாக முடித்துவிட்டு, நீட் வினாத்தொகுப்போடு நூலகத்துக்கு ஓடுகிறார். இறுதியாண்டுத் தேர்வையே மேற்படிப்புக்கும் அளவுகோலாக்கி இந்த ஆண்டை மீட்டுத் தரக்கூடிய நெக்ஸ்ட் தேர்வு, 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றும், தள்ளிவைக்கப்பட்டபடியே வந்திருக்கிறது.

ரேங்கும் சந்தை மதிப்பும் பாராமல் தம் பிரிவை அடைந்த இருவர் இந்த இடத்தில் என் நினைவுக்கு வருகிறார்கள். டாக்டர் வி. சாந்தா 1955இல் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றார், பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்விலும் தேறி, சென்னை மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் நியமனமும் கைக்கு வந்தது. மருத்துவம் படித்த பெண்கள் பெரும்பாலும் சென்ற ராஜபாட்டை அது. அதை விடுத்து, புற்றுநோய் என்றாலே மரணம் என்று ஜனங்கள் நடுங்கிய காலத்தில், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறில் முந்தைய ஆண்டுதான் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியிருந்த புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். 2021 ஜனவரியில் மறையும்வரை அதையே தம் வாழ்வாகக் கொண்டிருந்தார். டாக்டர் கோ. வெங்கடசாமியின் கதையோ வேறு விதம். உறவுப் பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டு மகப்பேறு மருத்துவராக விரும்பியவர் அவர். கடுமையான முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கி அந்த ஆசையைத் தகர்த்துவிட, கண் மருத்துவத்துக்குத் திரும்பினார். அந்த விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இவ்விருவரில் ஒருவர் வந்த பதவியை விட்டார், மற்றவர் விரும்பிய பிரிவை இழந்தார். எந்தப் பிரிவுக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்ற கணக்கு இருவரிடமும் இல்லை. எல்லோரும் அவ்விதம் வாழ வேண்டுமென்று கேட்பது நியாயமாகாது. கடன் வாங்கிப் படித்த பிள்ளை வருமானத்தை எண்ணுவதில் குற்றமுமில்லை. எனினும், சொந்த நர்ஸிங் ஹோம் இருக்கிறதே என்று மகளைப் பிரசவ மருத்துவத்துக்கும், ரேங்க் வீணாகிவிடுமே என்று மகனை ரேடியாலஜிக்கும் தள்ளுகிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையிடம் ரேங்கைக் கேட்பதற்குமுன், ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் எந்த வார்டில் டியூட்டி முடிந்தும் வீடு திரும்ப மனமில்லாமல் நின்றாய் என்று கேளுங்கள்; அதற்கு வருகிற பதிலைக் கவுன்சலிங் நாளன்று மறுக்காதீர்கள்.