கொதிக்கக் கொதிக்க... குளிரக் குளிர!

ஃபின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். அங்கே 'சவுனா' எனும் வேர்வைக் குளியல் அறைகளோ சுமார் 30 லட்சம்! நம் வீட்டுப் பூஜை அறை மாதிரி.

தம்பெரே நகரில் வேலை பார்க்கும் மைத்துனன் என்னை ஏரிக்கரை சவுனா ஒன்றுக்கு இழுத்துப் போனான். உள்ளே 90 டிகிரி செல்சியஸ்! காய்ந்த கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார் ஒரு பெரியவர். 'புஸ்ஸ்...' இட்லிப் பானைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி காது பொசுங்கியது. சூடு தாங்காவிட்டால் எழுந்து போய்விடுகிறார்கள். யாரும் கேலி செய்வதில்லை.

பத்து நிமிஷம். "வாங்க அத்தான், குதிக்கலாம்!"

உறைந்த ஏரியில் ஓரிடம் மட்டும் உறையாமல் வைத்திருக்கிறார்கள். முங்கினேன். ஐயோ, மூச்சே நின்றுபோச்சு! கரையேறியதும் உடம்பு பஞ்சாய் லேசானதும் நிஜம்.

சூட்டில் விரிந்த ரத்தக் குழாய்கள் குளிரில் சட்டென்று சுருங்கும். ரத்த அழுத்தம் எகிறும். விளையாட்டு வீரர்களுக்குத் தசைவலி கொஞ்சம் குறைகிறதாம். சரி. ஆனால் இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் குதிக்கவே கூடாது. 'தண்ணி' போட்டவர்கள் கிட்டேயே வரக்கூடாது.

வீம்பும் கூடாது. ஹெய்னோலா என்ற ஊரில், சூட்டை யார் அதிக நேரம் தாங்குவது என்று உலகப் போட்டியே நடத்தினார்கள். 2010 இறுதிச் சுற்றில், 110 டிகிரியில், ரஷ்யப் போட்டியாளர் ஒருவர் இறந்துபோனார். அத்தோடு போட்டியையே மூட்டை கட்டிவிட்டார்கள்.